ஆசிரியர் மாநாட்டுக்கு எதைக் கொண்டுபோவது?

(பொத்தேரியில் பள்ளி ஆசிரியர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மாநாடு என்றால் இந்த வட்டாரத்துக்குப் பழக்கமான சங்கதி. 2011 ஜனவரி 3-ஆம் தேதி, இதே பொத்தேரியில், எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக வளாகத்தில் 98-ஆவது இந்திய அறிவியல் மாநாடு தொடங்கியது. பிரதமர் மன்மோகன் சிங் வந்து தொடங்கி வைத்தார். நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானிகள் வந்தார்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களில் தரமான கல்வி, உயர்ந்த ஆராய்ச்சி என்பது அந்த ஆண்டின் மையப்பொருள். பல்கலைக்கழகத்துக்கு வந்து சேரும் பிள்ளை, அதற்கு முன் பன்னிரண்டு ஆண்டு எங்கோ படித்துவிட்டுத்தானே வருகிறது என்று யாராவது அங்கே கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்னும் பின்னால் போனால் 1938 டிசம்பர். சென்னை கிறித்தவக் கல்லூரி நகரத்தை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிவந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. அங்கே உலகக் கிறித்தவ அருட்பணி மாநாடு நடந்தது. சீனாவில் நடக்க வேண்டியது. சீன ஜப்பானியப் போர் மூண்டதால் தாம்பரத்துக்கு மாறியது. சுமார் எழுபது நாடுகளிலிருந்து 470 பேருக்குமேல் வந்தார்கள். ‘தாம்பரம்’ என்ற பெயரிலேயே புத்தக வரிசை வந்து, இறையியல் படிக்கிறவர்கள் இன்றைக்கும் ‘தாம்பரம் 1938’ என்று சொல்கிற அளவுக்கு அது நிலைத்துவிட்டது. மின்சார ரயிலில் தினம் தாம்பரத்தைக் கடக்கிற நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்பது வேறு விஷயம்.

இந்த இரண்டையும்விட இந்த அவைக்கு நெருக்கமான மாநாடு ஒன்று இருக்கிறது. 1958-இல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் நடந்தது. இன்றைய திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு எல்லாம் அப்போது ஒரே மாவட்டம். திருவள்ளூரைத் தாண்டி அரக்கோணம் ரயில் பாதையில் இருக்கிற சிற்றூர் கடம்பத்தூர். முதலாவது பள்ளிச் சீரமைப்பு மாநாடு அங்கேதான் கூடியது. முதலமைச்சர் காமராஜர். பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு, இதே மாவட்டத்து நெய்யாடுபாக்கத்துக்காரர். 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கிய சூட்டோடு சூடாக, பள்ளிக்கூடத்தை ஊரார் கையில் ஒப்படைக்கிற வேலையை அவர்கள் எடுத்தார்கள்.

அந்த மாநாட்டின் முறை இன்றைக்கும் கவனிக்கத் தக்கது. மேடை போடுவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். ஆசிரியரும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து, பள்ளிக்கு என்னென்ன குறை என்று பட்டியல் போடுவார்கள். தண்ணீர்ப் பானை, கரும்பலகை, பெஞ்சு, சுற்றுச்சுவர், சீருடை, கூரை. ஒவ்வொன்றுக்கும் என்ன செலவாகும் என்று கணக்கு. யார் எதைத் தருவது என்று பேச்சு. இவ்வளவும் முடிந்து கையில் பொருளோடுதான் மாநாட்டுக்கு வருவார்கள். சொற்பொழிவு கேட்டுவிட்டுப் போவதற்காக யாரும் வண்டி கட்டவில்லை. சில ஆண்டுகளில் அந்த மாநாடுகள் மாநிலம் முழுக்கப் பரவின. பள்ளிக்கூடம் என்பது சர்க்கார் சொத்து என்ற எண்ணம் பல ஊர்களில் மாறியது அப்போதுதான்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கரும்பலகை வந்துவிட்டது. அதில் என்ன எழுதுவது, எழுதியது பிள்ளைக்குப் புரியாவிட்டால் என்ன செய்வது என்பது மட்டும் ஆசிரியர் தனியாக மல்லுக்கட்டுகிற விஷயமாகவே நின்றுவிட்டது. கூரையைப் பற்றி ஊரே கூடிப் பேசியது. கூரைக்குக் கீழே நடக்கும் பாடத்தைப் பற்றிக் கூடிப் பேச இடம் இல்லை.

இன்றைக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் வந்தன. சர்வ சிக்‌ஷா அபியான் வந்தபோது ஒன்றியத்துக்கு ஒரு வட்டார வள மையம், பத்துப் பதினைந்து பள்ளிகளுக்கு ஒரு குறுவள மையம் என்று கிளை பிரிந்தது. ஆசிரியர்கள் வாயில் அவை பி.ஆர்.சி., சி.ஆர்.சி. தனியார் பள்ளிகளுக்கு அவர்களுடைய நிர்வாகம் ஏற்பாடு செய்கிற பட்டறைகள், சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்குச் சகோதயா கூட்டமைப்புகள், கல்லூரி வளாகங்களில் தேசியக் கருத்தரங்கு, பன்னாட்டுக் கருத்தரங்கு. பன்னாட்டுக் கருத்தரங்கு என்று பேனர் கட்டினால், இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ ஒருவராவது இணையத்தில் தலைகாட்டி விடுகிறார்.

அந்த நாள் எப்படிப் போகிறது என்பது இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒன்பதரைக்குத் தொடக்கம் என்று சுற்றறிக்கை சொல்லும். பத்தேகாலுக்குக் குத்துவிளக்கு. பிறகு வரவேற்புரை, முன்னிலை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு. தேநீர் வந்துவிடும். கருத்தாளர் மடிக்கணினியைத் திறந்து எண்பது சிலைடுகளை ஓட்டத் தொடங்கும்போது பதினொன்றரை. ‘நேரம் இல்லை, இதை வேகமாகப் பார்த்துவிடுவோம்’ என்பது அவர் அதிகம் சொல்லும் வாக்கியம். சாப்பாட்டுக்குப் பிறகு குழுச் செயல்பாடு. சார்ட்டில் எழுதி, ஒரு குழுவுக்கு ஒருவர் வாசித்து, எல்லோரும் கைதட்டி, நான்கு மணிக்குக் குழுப் படம், சான்றிதழ். பணிநிமித்தம் வந்ததற்கான ஓ.டி. கையெழுத்து வாங்கியாயிற்றா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓட்டம்.

ஆனால் அதே நாளில், தேநீருக்குக் கலைந்த பத்து நிமிடத்தில், மரத்தடியில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். ‘உங்க ஸ்கூல்ல ஒடியா பேசுற பிள்ளைங்க இருக்காங்களா டீச்சர்? எனக்கு மூணு பேர். எழுத்துல எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல.’ ‘நான் எழுத்தே எடுக்கல டீச்சர். பேர் அட்டை போட்டேன். அவன் பேரு, அவன் தங்கச்சி பேரு, கூட உட்கார்ற பையன் பேரு. அதையே ஒரு மாசம் கலைச்சுப் போட்டு விளையாடினோம். அப்புறம் எழுத்தைத் தனியா பிரிச்சேன்.’ மறைமலை நகர், கூடுவாஞ்சேரிப் பக்கம் கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வடக்கிலிருந்து குடும்பங்கள் வரத் தொடங்கிய பிறகு, இந்தக் கேள்வி இல்லாத பள்ளி குறைவு. எண்பது சிலைடில் அதற்கு ஒரு சிலைடு இருக்காது. பதில் இருப்பது பக்கத்துப் பள்ளி டீச்சரிடம். அந்தப் பேச்சு பாதியில் நிற்கும், ஏனென்றால் மணி அடித்துவிட்டது, எல்லோரும் உள்ளே வர வேண்டும்.

பயிற்சிகள் ஏன் இப்படி ஆகின்றன? பெரும் காரணம், அடுக்குமுறை. மாநில அளவில் சிலருக்குப் பயிற்சி. அவர்கள் மாவட்டத்துக்கு. மாவட்டத்திலிருந்து ஒன்றியத்துக்கு. ஒன்றியத்திலிருந்து பள்ளிக்கு. 2019 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கிய நிஷ்தா ஆசிரியர் பயிற்சித் திட்டம் 42 லட்சம் ஆசிரியர்களைக் குறி வைத்தது. அவ்வளவு பேரை எட்ட அடுக்கு இல்லாமல் முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் ஃபில்டர் காபி போடுகிறவர்களுக்கு இது தெரியும்: முதல் டிகாக்‌ஷன் வேறு, அதே தூளில் நான்காம் முறை வெந்நீர் ஊற்றினால் வருவது வேறு. மேலே ஐந்து நாள் பேசியது கீழே ஒன்றரை நாளாகி, ‘ஏன்’ என்பதெல்லாம் உதிர்ந்து, ‘இந்தப் படிவத்தை இப்படி நிரப்புங்கள்’ என்பது மட்டும் மிஞ்சுகிறது.

அமெரிக்காவில் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1980-களில் இதையே நோண்டிப் பார்த்தார்கள். ஒரு முறையை விளக்கலாம், செய்து காட்டலாம், அங்கேயே ஒருமுறை செய்யவும் வைக்கலாம். அவ்வளவு செய்தாலும், சக ஆசிரியர் ஒருவர் வகுப்புக்குள் கூடவே இருந்து கைகொடுக்காவிட்டால், அது வகுப்பறைப் பழக்கமாக மாறுவது அரிது என்பது அவர்கள் கண்டது.

தமிழ்நாட்டில் இதற்குச் சாட்சி சொல்லக்கூடிய ஒரு பெரிய நிகழ்வு உண்டு. கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக எம்.பி. விஜயகுமார் இருந்தார். அதற்கு முன் வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, வேலையிலிருந்து மீட்ட குழந்தைகளுக்கான சிறப்புப் பள்ளிகளுக்கு என்ன முறை பொருந்தும் என்று தேடியவர். தேடியபோது கண்ணில் பட்டது, ஆந்திராவில் மதனப்பள்ளிக்கு அருகே, ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷிவேலிப் பள்ளியைச் சுற்றியிருந்த சின்னஞ்சிறு கிராமப் பள்ளிகள். பத்மநாப ராவ், ரமா தம்பதி அங்கே அட்டைகளைக் கொண்டு ஒரு முறையை உருவாக்கியிருந்தார்கள். ஒரே அறையில் பல வகுப்புப் பிள்ளைகள். ஒவ்வொருவரும் தன் வேகத்தில் ஒரு ஏணியில் ஏறுவது போலப் படிப்பார்கள்.

சென்னைக்கு ஆணையராக வந்ததும் அவர் அதைச் சுற்றறிக்கையாக அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்களை ரிஷிவேலிக்கு அனுப்பினார். போனவர்கள் அங்கே பார்த்தது கருத்தாளரை அல்ல. தங்களைப் போலவே சம்பளத்துக்கு வேலை பார்க்கிற, தங்களைப் போலவே ஏழைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற ஆசிரியர்களை. அந்த வகுப்பில் யாரும் கத்தவில்லை. யாரும் கை கட்டி உட்காரவில்லை. பிள்ளை எழுந்து போய்த் தன் அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தது. இதைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

திரும்பி வந்தவர்கள் செய்தது இன்னும் முக்கியம். ரிஷிவேலி அட்டைகளை அப்படியே பிரதி எடுக்கவில்லை. தமிழ்நாட்டுப் பாடநூலைப் பிரித்து, ஒவ்வொரு திறனையும் சிறு சிறு படிகளாக்கி, தாங்களே அட்டைகளை எழுதினார்கள். 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியது. பிறகு 264 மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் போயிற்று. அதுதான் செயல்வழிக் கற்றல்.

செயல்வழிக் கற்றல் வகுப்பறைக்குள் போனவர்களுக்கு நினைவிருக்கும். சுவரைச் சுற்றிலும் பிள்ளை எட்டுகிற உயரத்தில் கரும்பலகை. ஆளுக்கு ஒரு பகுதி. தலைக்கு மேலே கம்பிப் பந்தல். பிள்ளைகள் வரைந்ததும் எழுதியதும் அதில் தொங்கும். வருகைப் பதிவைப் பிள்ளையே போடும். பல் விளக்கினேனா, நகம் வெட்டினேனா என்று ஆரோக்கியச் சக்கரத்தில் குறிக்கும். தரையில் பாய். ஆசிரியர் முழுக்கச் சொல்லித் தர வேண்டியவர்கள் ஒரு வட்டம், பாதி உதவி போதும் என்பவர்கள் ஒரு வட்டம், கூடப் படிக்கிற பிள்ளை சொல்லித் தருகிற வட்டம், தானே செய்கிற வட்டம், மதிப்பீட்டு வட்டம். ஆசிரியரும் பாயில்தான் உட்கார வேண்டும். நாற்காலியை விட்டு இறங்குவது சிலருக்குப் பெரிய வருத்தமாக இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பிறகு விஜயகுமார் சர்வ சிக்‌ஷா அபியானின் மாநிலத் திட்ட இயக்குநரானார். முதலில் ஒன்றியத்துக்குப் பத்துப் பள்ளிகள்; அவற்றை மற்றப் பள்ளி ஆசிரியர்கள் வந்து பார்த்தார்கள். அதுவரை நல்ல வேகம். 2007-08-இல் மாநிலம் முழுக்க முப்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு ஒரே மூச்சில் போனபோதுதான் சிக்கல் வந்தது. முதலில் போனவர்கள் பார்த்துவிட்டு, தாங்களே எழுதிச் செய்தார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அச்சடித்த அட்டைப் பெட்டியும் உத்தரவும் வந்தன. அட்டை ஒன்றுதான், ஆசிரியருக்கும் அதற்குமான உறவு ஒன்றல்ல. எழுதியவருக்கு எந்த அட்டையைத் தள்ளிவிடலாம், எதை இரண்டாக உடைக்கலாம் என்று தெரியும். பெட்டியாகப் பெற்றவருக்கு வரிசை எண் மட்டும்தான் தெரியும். அடுத்த சில ஆண்டுகளில் அந்த முறை எளிமைப்படுத்தப்பட்டு, மெல்லக் கரைந்தது. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக் கொடுப்பதில் அதன் சாயல் இன்னும் இருக்கிறது.

ஆசிரியர்கள் சேர்ந்து செய்து பார்ப்பதை இன்னும் பொறுமையாகச் செய்தவர்கள் மத்தியப் பிரதேசத்தில் இருந்தார்கள். 1972-இல் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் கற்பிக்கும் திட்டம் ஒன்று தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியாவின் நண்பர்கள் கிராம மையம் என்ற இரு அமைப்புகள் தொடங்கின. 1982-இல் பிறந்த ஏகலவ்யா அமைப்பு பின்னர் நடத்தியது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் விஞ்ஞானிகள் கோடை விடுமுறையில் வந்து, கிராமத்து ஆசிரியர்களோடு சேர்ந்து சோதனைகளைச் செய்து பார்த்தார்கள். ஆனால் அந்தத் திட்டத்தைத் தாங்கி நின்றது கோடைப் பயிற்சி அல்ல. மாதக் கூட்டம். பயிற்சியில் சரியாக வந்த சோதனை வகுப்பில் சொதப்பும். விதை முளைக்காது. காந்தம் ஒட்டாது. பிள்ளை யாரும் எதிர்பார்க்காத ஒரு கேள்வி கேட்கும். இவற்றை மாதம் ஒருநாள் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடிப் பேசுவார்கள். பாடநூலைத் திருத்தி எழுதும்போது அந்தப் பேச்சு அதில் ஏறியது. 2002-இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தியது. முப்பது ஆண்டு அது ஓடியதற்கு அந்த மாதக் கூட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

நம் குறுவள மையமும் இதற்காகத்தான் உண்டானது. சனிக்கிழமை, பக்கத்துப் பள்ளிகள், ஒரே வகுப்பை எடுக்கிற ஆசிரியர்கள், நடந்ததைப் பேசுவது. காகிதத்தில் இது நல்ல ஏற்பாடு. நடைமுறையில் அது சுற்றறிக்கை வாசிக்கிற இடமாகிவிட்டது. போன மாதம் பேசியதை இந்த மாதம் யாரும் கேட்பதில்லை. புதிய தலைப்பு மேலிருந்து வந்துவிடுகிறது. வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநர்களையும் குறை சொல்வதற்கில்லை. பள்ளிக்குப் போய் வகுப்பில் உட்கார வேண்டியவர்களை, புள்ளிவிவரம் சேகரிக்கவும் எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தின் பதிவைச் சரிபார்க்கவும் அலைய விட்டால் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

ஜப்பானில் ‘பாட ஆய்வு’ என்று ஒரு பழக்கம் நூறு ஆண்டுக்கு மேலாக இருக்கிறது. 1999-இல் ஸ்டிக்லர், ஹீபர்ட் என்ற இரு அமெரிக்கர்கள் எழுதிய புத்தகத்தால் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. ஒரு பாடத்தைச் சிலர் சேர்ந்து திட்டமிடுவார்கள். ஒருவர் வகுப்பெடுப்பார். மற்றவர்கள் சுவரோரம் நின்று குறிப்பெடுப்பார்கள். ஆசிரியர் எப்படிப் பேசினார், எப்படி உடுத்தியிருந்தார் என்றெல்லாம் பார்ப்பதில்லை. மூன்றாவது வரிசைப் பையன் எந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்தான், ஏன் வைத்தான் என்று பார்ப்பார்கள். வகுப்பு முடிந்ததும் அதைத்தான் பேசுவார்கள். பிறகு பாடத்தை மாற்றி, வேறொருவர் இன்னொரு வகுப்பில் எடுப்பார்.

இதற்கு ஜப்பானுக்குப் போக வேண்டாம். ஒரு குறுவள மையத்துக்கு ஆறு ஆசிரியர்கள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் தம் வகுப்பிலிருந்து ஐந்து கணக்கு நோட்டு எடுத்து வருகிறார்கள். எல்லா நோட்டிலும் ஒரே கணக்கு: 503-லிருந்து 148-ஐக் கழி. விடை 355. முப்பது நோட்டையும் மேசையில் பரப்பினால், தவறான விடைகள் கண்டபடி சிதறிக் கிடப்பதில்லை. பெரும்பாலும் இரண்டு எண்களில் குவியும். ஒன்று 445. இந்தப் பிள்ளை, எந்த இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துவிடுகிறது. எட்டிலிருந்து மூன்று, நான்கிலிருந்து பூஜ்யம். கடன் வாங்குவது என்றால் என்னவென்றே அதற்குப் பிடிபடவில்லை. இன்னொன்று 365. இந்தப் பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். நூறைப் பிரித்துப் பத்துப் பத்தாக்கியது; அதிலிருந்து ஒரு பத்தை ஒன்றுகளுக்குக் கொடுத்தது; கொடுத்த பிறகு கையில் ஒன்பது பத்துதான் இருக்கிறது என்பதை மறந்துவிட்டது.

இரண்டுக்கும் சிவப்பு மையில் ஒரே பெருக்கல் குறி போட்டு, ‘பயிற்சி தேவை’ என்று எழுதுவது நம் வழக்கம். 445 எழுதிய பிள்ளைக்கு ஈர்க்குச்சிக் கட்டோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். 365 எழுதிய பிள்ளையிடம் ‘கட்டை எண்ணிப் பாரு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தனியாகத் திருத்துகிற ஆசிரியருக்கு இது தெரியாது என்பதல்ல. நாற்பது நோட்டை மதிய இடைவேளையில் திருத்துகிறவருக்குப் பார்க்க நேரம் இல்லை. ஆறு பேர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் ஆறு பேருக்கும் ஆண்டு முழுக்க உதவும். ஒரு பைசா செலவில்லை. புரொஜக்டர் வேண்டாம்.

பயிற்சிக்கான மணிக்கணக்கு பற்றியும் சொல்ல வேண்டும். 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது தொழில் மேம்பாட்டில் செலவிட வேண்டும் என்கிறது. சிங்கப்பூரில் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 100 மணி நேரம் பயிற்சி என்பது 1990-களின் இறுதியிலிருந்தே உரிமை. அங்கே தமிழ் கற்பிப்பதற்கென்று உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் இருக்கிறது. 1951-இல் தொடங்கிய சிங்கப்பூர்த் தமிழாசிரியர் சங்கம் இருக்கிறது. தமிழாசிரியர்களின் எண்ணிக்கை சிறியது என்பதால், ஒருவர் வகுப்பில் செய்தது இன்னொருவர் காதுக்கு எட்டிவிடுகிறது. நம் ஊரில் 50 மணி நேரத்தை எப்படி எட்டுகிறார்கள்? இரவு பதினொரு மணிக்கு இணையவழிப் பாடத்தைத் திறந்து வைத்துவிட்டு, காணொளி தானாக ஓட, மறுநாள் சமையலுக்குக் காய் நறுக்குகிறார்கள். முடிவில் சான்றிதழ் இறங்குகிறது. மணி நேரம் கணக்கில் ஏறுகிறது. இதில் ஆசிரியரைப் பழிக்கிறவர்கள், அந்தக் காணொளியை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டுப் பழிக்கலாம்.

தடைகள் வேறு சில உண்டு. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால், மற்றவர் தலையில் ஐந்து வகுப்பு. இதனால்தான் பயிற்சி என்றதும் பல தலைமையாசிரியர்கள் முகம் சுளிக்கிறார்கள். தொடக்கப் பள்ளிகளில் பெண்களே பெரும்பாலோர். மாலை ஆறு மணிக்கு முடிகிற மாநாட்டுக்கு, வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறவர் எப்படி வருவார்? குழந்தையை விட ஓர் அறை ஏற்பாடு செய்த ஆசிரியர் மாநாட்டைப் பார்ப்பது அரிது. நினைவுப் பரிசுக்கு ஆகிற செலவில் அதைச் செய்துவிடலாம்.

எல்லாவற்றிலும் பெரிய தடை, மதில் சுவர். ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் பெருங்களத்தூரிலிருந்து செங்கல்பட்டு வரை எத்தனை பள்ளிகள்! அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, மெட்ரிக், சி.பி.எஸ்.இ. ஒரே தெருவில் குடியிருக்கிற இரண்டு ஆசிரியர்கள் ஒரே மூன்றாம் வகுப்புக்கு ஒரே கழித்தலைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் தொழில் பற்றி அவர்கள் பேசிக்கொள்கிற ஒரு கூட்டம் கிடையாது. தனியார் பள்ளி ஆசிரியருக்கு ஓ.டி. கிடையாது, விடுப்பு எடுத்தால் சம்பளம் போகும். அரசுப் பள்ளி ஆசிரியருக்கு வேறு நிர்வாகத்தின் கூட்டத்துக்குப் போக அனுமதி வேண்டும். நிர்வாகங்கள் வேறுபடலாம். பிள்ளையின் நோட்டில் 365 என்ற விடை எல்லா நிர்வாகத்திலும் ஒன்றாகத்தான் வருகிறது.

இந்தச் சுவரைத் தாண்டிய ஒரு முயற்சி உண்டு. 1993-இலிருந்து நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. தமிழ்நாட்டில் அதைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் முன்னின்று நடத்தி வந்திருக்கிறது. பத்திலிருந்து பதினேழு வயதுப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, அளந்து, எண்ணி, தமிழிலேயே எழுதி வந்து பேசுகிறார்கள். ஏரித் தண்ணீர், குப்பை, வீட்டு மின்சாரம் என்று எதுவாகவும் இருக்கலாம். வழிகாட்டி ஆசிரியர்கள் எல்லா வகைப் பள்ளிகளிலிருந்தும் வருகிறார்கள். பிள்ளைகள் மேடையில் பேசும்போது, பின்வரிசையில் ஆசிரியர்கள் ஒருவர் குழு செய்ததை மற்றவர் விசாரித்துக் கொள்கிறார்கள். பெயர் குழந்தைகள் மாநாடு. ஆசிரியர்கள் நிறையக் கற்றுக்கொள்கிற மாநாடுகளில் அதுவும் ஒன்று.

ஆகவே இந்த அவையில் இருக்கிற தலைமையாசிரியர்களுக்கும், பயிற்றுநர்களுக்கும், மாநாடு நடத்துகிற கல்லூரி நிர்வாகத்தாருக்கும் சில வேண்டுகோள்கள். அடுத்த கூட்டத்தின் அழைப்பிதழில் சிறப்பு விருந்தினர் பெயருக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: ஒவ்வொரு ஆசிரியரும் தம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டு ஐந்து எடுத்து வரவும் என்று. பெயரை மறைத்து எடுத்து வந்தால் போதும். பிள்ளையை யாரும் எடைபோடப் போவதில்லை. காலை நேரத்தை நோட்டுக்கும், பிற்பகலைப் பேச்சாளருக்கும் கொடுங்கள். பேச்சாளர் கோபித்துக்கொண்டால் வேறொருவர் கிடைப்பார். காட்டாங்கொளத்தூர் ஒன்றியத்தின் அரசுப் பள்ளிகள் நடத்துகிற கூட்டத்துக்குப் பக்கத்துத் தனியார் பள்ளியிலிருந்து இரண்டு பேரையாவது அழையுங்கள். தனியார் பள்ளி நிர்வாகத்தார் அவர்கள் சம்பளத்தைப் பிடிக்காமல் அனுப்புங்கள். ஈராசிரியர் பள்ளியிலிருந்து வருகிறவருக்குப் பதிலாக அன்றைக்குப் பயிற்றுநர் ஒருவர் போய் அந்த வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளட்டும். அவருக்கும் வகுப்பறை மறந்துபோகாது.

கலைவதற்கு முன், குழுப் படம் எடுக்கிற நேரத்தில், அடுத்து எந்தத் தேதியில் எந்தப் பள்ளியில் கூடுவது என்று முடிவு செய்து எழுதிவிடுங்கள். இன்றைக்கு நோட்டில் பார்த்த தவறுக்கு வகுப்பில் என்ன செய்தோம், அது பலித்ததா என்பது மட்டும் அன்றைய பேச்சாக இருக்கட்டும். இந்த அரங்கிலேயே அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு போகலாம். வாசலில் பதிவேடு வைத்திருக்கிறார்கள், பெயரோடு பள்ளியையும் வகுப்பையும் எழுதிக் கொடுங்கள்.